ஜிம்மில் சேர்வதா, வீட்டில் ராடு வாங்கிப் போடுவதா?

எங்கள் தெருமுனை ஜிம்மின் வாசலில் ஒரு பலகை தொங்கும். 'பெண்கள் நேரம்: காலை 10.30 முதல் 12.30 வரை.' காலை எட்டேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி இரவு ஏழு மணிக்குத் திரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த நேரத்தால் எந்தப் பயனும் கிடையாது. எடைப் பயிற்சி செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு 2021இல் வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக, 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினார். எனக்கு அப்போது 41 வயது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும் என்பதை அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தபோது பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ஆசையும் பயமும் சேர்ந்துதான் என்னை அந்தப் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தின.

அதற்குப் பிறகு ஒரு வருடம் தெருமுனை ஜிம், எட்டு மாதம் ஏசி போட்ட பெரிய ஜிம், அப்புறம் வீட்டிலேயே எடை மாட்டித் தூக்கும் நீளக் கம்பியான ராடும், அதில் மாட்டும் வட்டத் தகடான பிளேட்டும் என்று மூன்றையும் பார்த்துவிட்டேன். இதே கேள்வியோடு இருப்பவர்கள் பெரும்பாலும் பணக் கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் இந்த முடிவைப் பணத்தை வைத்து எடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. ராடை ஒழுங்காகத் தூக்கத் தெரியுமா, வாரத்தில் உங்கள் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

தெருமுனை ஜிம்மில் நான் ஆண்கள் வரும் நேரத்திலேயே போனேன். மாஸ்டரிடம் கேட்டபோது ஒரு நிமிடம் யோசித்தார். "காலைல அஞ்சரைக்கு வாங்கக்கா, கூட்டம் கம்மியா இருக்கும்" என்றார். அந்த மனிதருக்கு நான் கொடுத்த மாதம் 1,000 ரூபாய் மிகக் குறைவு என்று இன்றும் நினைக்கிறேன். முதல் இரண்டு வாரம் வெறும் கம்பைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டைத்தான் செய்ய விட்டார். "அக்கா, குதிகால் எழும்புது. உள்ளங்கால் முழுக்கத் தரையில இருக்கட்டும்." ராடைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நிற்கும் டெட்லிஃப்டில் என் முதுகு வளைந்தபோதெல்லாம் கையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். குனியும்போது இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும், மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கிய பிறகே ராடைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும், ராடு காலை உரசிக்கொண்டே மேலே வர வேண்டும். காணொளி பார்த்து இதையெல்லாம் தெரிந்துகொள்ளலாம். ஆனால் தன் முதுகு வளைவது தூக்குபவருக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

அந்த ஜிம்மின் குறையையும் சொல்ல வேண்டும். அங்கிருந்த மிகச்சிறிய பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ கூடும். ஸ்குவாட்டுக்கு அது பரவாயில்லை. தலைக்கு மேல் 20 கிலோ தூக்கும் ஒரு பெண்ணுக்கு அடுத்த படி 25 கிலோ என்றால், அது கால் பங்கு கூடுதல் எடை. நான் மூன்று மாதம் அதே 20 கிலோவில் நின்றேன். எனக்குத் தோளில் வலு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பின்னாளில் வீட்டுக்கு 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கியதும் ஆறே வாரத்தில் 25ஐத் தொட்டேன். சில நூறு ரூபாய்ப் பொருள் அது. எடை தூக்கும் பெண்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்.

பெரிய ஜிம்மைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏசி, சுத்தமான குளியலறை, வரிசையாக டிரெட்மில். பெண்கள் எந்த நேரத்திலும் வரலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் அவ்வளவு பெரிய கூடத்தில் ஸ்குவாட் ரேக், அதாவது ராடைத் தாங்கி நிறுத்தும் இரும்புச் சட்டம், ஒன்றே ஒன்று. மாலை ஏழு மணிக்குப் போனால் அதற்கு 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். மற்றவர்களை ஸ்மித் மெஷினுக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் ராடு தண்டவாளம் போன்ற கம்பியில் மேலும் கீழும் நகரும். ராடைச் சமநிலையில் நிறுத்தும் வேலையை மெஷினே செய்துவிடுவதால் அந்தப் பழக்கம் நமக்கு வராது. பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டணம். வருடத்துக்கு ஒருவருக்கு 18,000 ரூபாய் என்று நானும் கணவரும் சேர்ந்து 36,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினோம். எட்டாவது மாதம் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். மீதி நான்கு மாதத்துக்கான பணம் வரவே இல்லை. அதனால் எந்த ஜிம்மில் சேர்ந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். வருடச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி, கடையே மூடிப்போனால் எதற்கும் ஆகாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது முழு வருடமும் கட்டியிருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் வரை கதவே திறக்கவில்லை. ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய கட்டணப் பட்டியலைக் காட்டினால் வரியைக் கவனித்துக் கேளுங்கள்.

சரி, வீடு. அப்போது நாங்கள் இருந்தது தாம்பரம் பக்கம், முதல் மாடியில் வாடகை வீடு. பத்தடிக்குப் பதினோரடி அறை ஒன்று துணி காயப்போட மட்டும் பயன்பட்டது. மொத்தம் ஆன செலவு 51,500 ரூபாய். ராடு 9,000. பிளேட் 100 கிலோவுக்கு 11,700. அதில் 60 கிலோ பழைய இரும்புப் பிளேட், கிலோ 95 ரூபாய்க்குக் கிடைத்தது. ரேக் 15,500, பெஞ்ச் 6,300. தரைக்குப் போட்ட பிளைவுட்டும் ரப்பர் மேட்டும் சேர்ந்து 9,000. நாங்கள் வாங்கியபோதிருந்த விலை இது. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

இதைத் தெருமுனை ஜிம்மோடு ஒப்பிட்டால், இருவருக்கும் வருடம் 24,000 ரூபாய் என்ற கணக்கில் போட்ட பணம் திரும்ப இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகும். நான் ஒருத்தி மட்டும் என்றால் நான்கு வருடத்துக்கு மேல். ஏசி ஜிம்மோடு ஒப்பிட்டால் இருவருக்கும் சேர்த்து ஒன்றரை வருடத்துக்குள் சரியாகிவிடும். ஆக, தனியாளுக்கு வீட்டு ஜிம் மலிவு என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். வீட்டில் இரண்டு பேர் தூக்கினால்தான் கணக்கு நம் பக்கம் சாயும். வேறொன்றும் இருக்கிறது. டிரெட்மில்லை விற்கப்போனால் பாதி விலைகூடக் கிடைக்காது. இரும்புப் பிளேட் எத்தனை வருடம் ஆனாலும் இரும்புதான், எடை போட்டு விற்றுவிடலாம்.

நேரக் கணக்குதான் என்னை அசைத்தது. ஏசி ஜிம்முக்குப் போக 15 நிமிடம், வர 15, ரேக்குக்காகக் காத்திருக்க 20. ஒரு நாளைக்கு 50 நிமிடம் எடை தூக்காமலே போனது. வாரம் மூன்று நாள், வருடத்துக்கு 50 வாரம் என்றால் 125 மணி நேரம். வேலைக்கும் போய்ச் சமையலும் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அந்த 125 மணி நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான் வரும். வீட்டில் குக்கர் விசில் அடிப்பதற்குள் இரண்டு செட், அதாவது இரண்டு சுற்று, முடிகிறது.

இனி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. கடைகளிலும் இணையத்திலும் 'ஹோம் ஜிம் செட்' என்று 50 கிலோ பொட்டலமாக விற்பார்கள். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் அடைத்த பிளேட்டுகள், வலுவில்லாத ராடு. என் கொழுந்தனார் வாங்கினார். எல்லாப் பிளேட்டையும் ஏற்றியதும் ராடு வில் மாதிரி வளைந்தது, பிறகு நிமிரவே இல்லை. சிமென்ட் பிளேட் தடிமனாக இருப்பதால் ராடில் இடமும் போதாது. பிளேட் மாட்டும் முனை 50 மி.மீ. விட்டத்தில் இருக்கும் ஒலிம்பிக் ராடையே வாங்குங்கள். ஆண்களுக்கானது 20 கிலோ எடை, 2.2 மீட்டர் நீளம், கைப்பிடி 28 மி.மீ. பெண்களுக்கானது 15 கிலோ, 2 மீட்டருக்குச் சற்றே அதிகம், கைப்பிடி 25 மி.மீ. சிறிய கைக்கு அந்த 3 மி.மீ. வித்தியாசம் டெட்லிஃப்டில் நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் முனை ஒரே அளவு, நடுப்பகுதி நீளமும் ஒன்று. அதனால் ஒரே பிளேட்டும் ஒரே ரேக்கும் போதும். நாங்கள் 15 கிலோ ராடைத்தான் வாங்கினோம். சின்ன அறையில் நீளம் குறைவாக இருப்பதும் வசதி. கணவரும் அதிலேயே தூக்குகிறார்.

ரேக்கை இணையத்தில் வாங்காமல் பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்தோம். 60 மி.மீ. சதுரக் குழாய், சுவர் கனம் 3 மி.மீ. வேண்டும் என்று எழுதிக்கொடுத்தோம். "வீட்டுக்குள்ள வைக்கிறதுக்கு எதுக்கு மேடம் இவ்வளவு கனம்? ரெண்டு எம்எம் போதுமே" என்றார் பட்டறைக்காரர். ஒத்துக்கொள்ளாதீர்கள். முக்கியமாக, ராடு விழுந்தால் தாங்கும் இரண்டு பாதுகாப்புக் கைகள் கட்டாயம் வேண்டும். அவை இல்லாத வெறும் ஸ்டாண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது. ஒரு காலை அவசரத்தில் பாதுகாப்புக் கைகளைச் சரியான துளையில் மாட்டாமல், படுத்தபடி ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்தேன். 35 கிலோ, ஐந்தாவது முறை. ராடு நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் தூக்கத்தில். நல்லவேளை, பிளேட் நழுவாமல் பிடிக்கும் லாக்கை வெளியே போடவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்ததும் பிளேட்டுகள் சரிந்து விழுந்தன, அடுத்த நொடி மறுபக்கமும் விழுந்தது. நெஞ்சில் நின்றதால் தப்பித்தேன். கழுத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முழுக்க மனம் பதறியது. ஜிம்மில் இப்படி மாட்டினால் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருவர் ஓடிவருவார். வீட்டில் அந்த இடத்தில் இரும்புதான் நிற்க வேண்டும். படுத்தபடி நெஞ்சை நிமிர்த்தினால் நெஞ்சுக்கு ஒரு விரற்கடை கீழே அந்தக் கைகள் இருக்கும்படி வையுங்கள். ஒவ்வொரு முறையும் வெறும் ராடை வைத்துப் பார்த்துவிட்டுப் பிளேட்டை ஏற்றுங்கள்.

தரை தாங்குமா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தில் உள்ள அளவு. எங்கள் ரேக், பிளேட், ராடு, பெஞ்ச், நான் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 260 கிலோ. எட்டுக்கு எட்டடி மேடையில் பரவினால் சதுர மீட்டருக்கு 45 கிலோகூட வராது. புத்தக அலமாரி இதைவிடக் கனம். ஆனால் அசையாமல் இருக்கும் எடைக்குத்தான் இந்தக் கணக்கு, கீழே போடும் எடையின் அதிர்ச்சி வேறு. அதனால் மாடியில் இருப்பவர்கள் ராடை ஒருநாளும் கைவிட்டுப் போடக்கூடாது, மெதுவாக இறக்கி வைக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி வேண்டாம். மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால், பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் எதையும் ஏற்றாதீர்கள்.

மேடைக்கு 8க்கு 4 அடி பிளைவுட் இரண்டு தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். மேலே விரித்தது மாட்டுக் கொட்டகை ரப்பர் மேட். ஜிம் மேட் என்று பெயர் போட்டு விற்பதைவிட மலிவு. கறவை மாடு படுத்து எழுந்தாலும் கிழியாதபடி செய்த பொருள், டைல்ஸையும் அது காப்பாற்றுகிறது. ஆறரைக்கு நான்கடி மேட் இரண்டு, மாடிப்படியில் ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். புதிதில் ரப்பர் வாசனை தலைவலி தரும். ஒரு வாரம் மொட்டைமாடி வெயிலில் போட்டு வைத்தால் போய்விடும்.

வீட்டு உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பொருளை ஏற்றினோம். இருந்தாலும் இரண்டாவது வாரம் கீழ்வீட்டு ஓனரம்மா படியேறி வந்தார். "என்னம்மா, விடியக்காலைல மேல அம்மி கொத்துறீங்களா?" நியாயமான கேள்வி. அறைக்குள் அழைத்து ராடைக் காட்டினேன். உட்கார்ந்து ஒரு செட் முழுக்கப் பார்த்தார். அன்றிலிருந்து டெட்லிஃப்ட் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் மட்டும், அதுவும் பிளேட்டுக்கு அடியில் கூடுதலாக ஒரு மேட் துண்டு போட்டு. மற்ற நாட்களில் சத்தமில்லாத ஸ்குவாட், பிரஸ். அவர் ஒத்துக்கொண்டிருக்காவிட்டால் எல்லாவற்றையும் விற்றிருப்பேன். கீழே ஆள் இருக்கும் வீட்டில் அவர்களுடைய தூக்கம்தான் முதலில்.

கண்ணில் படாத இன்னொன்று சீலிங் ஃபேன். நின்றபடி தலைக்கு மேல் தூக்கும்போது ராடோடு பிளேட்டின் மேல் விளிம்பு எங்கே வருகிறது என்று ஒரு வெளக்குமாற்றைப் பிடித்து அளந்து பாருங்கள். நாங்கள் ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவரில் மாட்டும் ஃபேன் வைத்தோம். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறரைக்கு மேல் அந்த அறையில் நிற்க முடியாது. இந்த விஷயத்தில் ஏசி ஜிம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடற்காற்று ஊரில் துருவும் ஒரு தொந்தரவு. கறுப்புப் பூச்சு ராடு அழகாக இருக்கும், ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். குரோம் பூசியது மேல். வாரம் ஒருமுறை நைலான் பிரஷால் கைப்பிடியின் சொரசொரப்பில் சேர்ந்த வேர்வையையும் சாக்பொடியையும் தேய்த்து எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் வாரம் இருமுறை.

அப்படியானால் யார் எங்கே போவது? ராடைத் தொட்டே பார்க்காதவர் என்றால் தெருமுனை ஜிம்தான். நல்ல மாஸ்டர் இருக்கும் இடமாகப் பாருங்கள், மெஷின்களை எண்ணாதீர்கள். சேரும் முன் ஒரு மாலை போய் உட்கார்ந்து, புதிதாக வந்தவரின் ஸ்குவாட்டை யாராவது திருத்துகிறார்களா என்று கவனியுங்கள். குறைந்தது எட்டு மாதம், முடிந்தால் ஒரு வருடம் அங்கே இருங்கள். ராடைத் தரையிலிருந்து தலைக்கு மேல் தூக்கும் போட்டி முறைகளான ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் கற்க ஆசையென்றால் வீட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட்கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினாரே, அந்த வகைத் தூக்குதலுக்குப் பயிற்சியாளரும், ராடைக் கைவிட்டுப் போடக்கூடிய தரையும் வேண்டும். மாடி வீட்டில் அது நடக்காது.

வீட்டில் தவழும் குழந்தையோ ஓடியாடும் குழந்தையோ இருந்து, பூட்டக்கூடிய தனி அறை இல்லையென்றால் ஜிம்மே நல்லது. 20 கிலோ பிளேட் ஒரு சின்ன விரலை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. தனியாக இருந்தால் தள்ளிப்போடும் சுபாவம் உள்ளவர்களும் ஜிம்முக்கே போகலாம். நான் வீட்டில் தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் பாதி நாட்களைத் தவறவிட்டேன். கணவரும் நானும் ஒரே நேரத்தில் என்று வைத்துக்கொண்ட பிறகுதான் சீரானது. பூங்காக்களில் இருக்கும் திறந்தவெளிக் கருவிகள் மூட்டு அசைவுக்கு நல்லவை. எடையைக் கூட்ட வழி இல்லாததால் வலு சேர்க்க அவை போதாது.

ரேக் வைக்க இடமோ பணமோ இப்போது இல்லை என்றால், எடையை மாற்றக்கூடிய டம்பெல் ஒரு ஜோடியும் ஒரு பெஞ்சும் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. அந்த இரண்டு நாளை டம்பெல்லால் தாராளமாக நிறைவேற்றலாம். ஒரு கட்டத்தில் கால்களுக்கு எடை போதாமல் போகும், அப்போது ராடைப் பற்றி யோசித்தால் போதும்.

ஒரு வருடம் முடித்து, ராடோடு பழகி, கூடத் தூக்க இன்னொருவரும் பூட்டும் அறையும் இருப்பவர்களுக்கு என் பதில் வீடுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் ராடு, 60 கிலோ பிளேட், தரைக்கு மேட். டெட்லிஃப்ட், குனிந்தபடி ராடை வயிற்றை நோக்கி இழுக்கும் ரோ, தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ் மூன்றும் இவற்றோடு நடக்கும். மூன்று மாதம் விடாமல் செய்தீர்களானால் ரேக்குக்குச் சொல்லுங்கள். பெஞ்ச் கடைசியில். வாடகை வீடு மாற வேண்டிவந்தால் என்ன செய்வது என்று தயங்க வேண்டாம். போன ஜூனில் நாங்கள் இதே தெருவில் வேறு வீட்டுக்கு, இந்த முறை தரைத்தளத்துக்கு, மாறினோம். ரேக்கின் போல்ட்டுகளைக் கழற்றிக் குட்டி யானையில் ஏற்ற ஒன்றரை மணி நேரம், இரண்டு நடை. பீரோவை இறக்கத்தான் அதிகச் சிரமப்பட்டோம். மறுநாள் காலை அஞ்சரைக்கு, சாமான் மூட்டைகள் பிரிக்காமல் கிடக்க, ஸ்குவாட் செய்தேன். ஓனரம்மாவின் மருமகள் இப்போது செவ்வாயும் சனியும் வருகிறாள். அவளுக்கு வெறும் கம்பு இரண்டு வாரம் முடிந்து, போன சனிக்கிழமைதான் 15 கிலோ ராடைத் தோளில் ஏற்றினோம்.